கப்பல் வீட்டுக் குழாய்களின் விலை

கொழும்பில் நான் செய்த வேலை கண்ணாடி துடைப்பது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் என் ஊரான சரவணையிலிருந்து கிளம்பியவன், கந்தளாயில் வயல் வேலை, திருகோணமலையில் சாப்பாட்டுக்கடை வேலை என்று சுற்றி, கடைசியில் கோட்டைப் பக்கம் ஒரு பெரிய கட்டடத்தின் யன்னல்களைத் துடைக்கிற ஆளானேன். எண்பத்து மூன்று கலவரத்தில் அந்த வேலையும் தங்கியிருந்த அறையும் ஒரே பகலில் போயின. கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது என் கையில் இருந்தது ரப்பர் பூட்டிய துடைப்பான் மட்டுந்தான். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதை ஏன் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்பது எனக்கே தெரியாது.

தீவுப்பகுதியில் கண்ணாடி யன்னல் வைத்த வீடுகள் குறைவு. வைத்தவர்களும் ஈரத்துணியால் தாங்களே துடைத்துக்கொண்டார்கள். ஆனால் கிணறுகள் உவர். மாரி மழை ஓட்டிலிருந்து வடிந்து, கூரையோரத் தகரப் பீலியில் ஓடி, சுவரோரக் குழாயால் இறங்கித் தொட்டியில் சேர்ந்தால்தான் கொஞ்சம் வசதியான வீட்டிலும் குடிக்க நல்ல தண்ணீர். கோடை முழுவதும் பீலியிலும் குழாயிலும் வேப்பஞ்சருகு, அணில் கூடு, காகம் போட்ட மீன்முள் எல்லாம் சேர்ந்து இறுகிக் கிடக்கும். யன்னல் துடைக்கட்டுமா என்று கேட்டுப்போன வீடுகளில், "அதை விடும், உந்தக் குழாயை ஒருக்காப் பாரும்" என்றார்கள். அப்படியே அது என் தொழிலாயிற்று.

விலை சொல்வதற்கு எனக்கு ஒரு முறை இருந்தது. வீட்டை ஒருதரம் சுற்றி வருவேன். ஒவ்வொரு குழாயையும் விரல் முட்டியால் தட்டிக் காது கொடுப்பேன். கணீரென்றால் ஒரு விலை, மண்மூட்டை போலச் செத்த சத்தம் கேட்டால் இன்னொரு விலை. மாடிக்கு ஏணி வைக்க வேண்டுமென்றால் அதற்கும் மேலே. எல்லாவற்றுக்கும் பிறகு, மழையன்று வருவதற்குத் தனி விலை. முதல் மழையைத் தொட்டிக்குள் விடக்கூடாது. குழாயின் அடியில் உள்ள வளைவுத்துண்டை முற்றத்தைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, ஓடு கழுவப்பட்ட பிறகு தொட்டிப் பக்கம் திருப்ப வேண்டும். முந்தினால் காக்கை எச்சம் தொட்டிக்குள் போகும். பிந்தினால் நல்ல தண்ணீர் மணலுக்குள் போகும். அந்த நேரம் எனக்குத்தான் தெரியும் என்று சொல்லி வைத்திருந்தேன்.

ஊர்காவற்றுறையில் இறங்குதுறைக்குப் போகும் தெருவில் ஒரு மாடிவீடு இருந்தது. வீட்டுக்காரருக்கு வெளிநாட்டுக் கப்பலில் வேலை. மனைவிதான் வீட்டை நடத்தினார். நான் அவரைக் கப்பல் வீட்டு அக்கா என்பேன். அந்த வீட்டுக்கு யாரை வேலைக்குக் கூப்பிடுகிறார்களோ, அந்தத் தெருவில் மற்றவர்களும் அவரையே கூப்பிடுவார்கள். முதல் வருடம் நான் விலை சொன்னபோது அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"தம்பி, நீர் குழாய் துப்பரவாக்க வந்தனீரோ, இல்லை வீட்டை வாங்க வந்தனீரோ?"

பாதிக்குப் பேசி முடித்தார். அதற்கும் சம்மதித்தேன். தெரு முழுவதும் எனக்குக் கிடைத்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, இனி ஓரிடத்தில் இருந்தால் என்ன என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் நெடுந்தீவிலிருந்து ஒருவன் வந்தான். என்னைவிட இரண்டொரு வயது இளையவன், கத்தோலிக்க வேதக்காரன், வள்ளங்களில் பாய்மரம் ஏறிப் பழகியவன். அவனிடம் ஏணியே இல்லை. நான் கீழிருந்து கமுகஞ் சலாகையை விட்டுக் குத்துவேன். குத்தக் குத்தச் சில குழாய்களில் குப்பை இன்னும் இறுகும், தகரம் பொருத்தில் விட்டுப்போகும். அவன் தூணையும் சுவரையும் பிடித்து ஓட்டுக்கு ஏறி, ஈயக்குண்டு கட்டிய தூண்டில் நரம்பை மேலிருந்து குழாய்க்குள் இறக்கி, குப்பைக்குள் வழி விழும்வரை தூக்கித் தூக்கிப் போடுவான். குண்டு கீழே வந்ததும் நரம்பில் கயிறு, கயிற்றில் பழைய வலையால் சுற்றிய தும்புப் பந்து. கீழே நின்று இழுத்தால் முழுக் குப்பையும் ஒரே இழுப்பில் வந்து விழும். கிளுவை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வயிறு எரிந்தது.

அதைவிட எரிந்தது அவன் விலை பேசிய விதம்.

"நான் விலை சொல்லமாட்டன் அக்கா. மழை பெய்து, தண்ணி தொட்டிக்கை விழட்டும். ஒரு பேணி குடிச்சுப் பாருங்கோ. மனசுக்குப் பட்டதைத் தாங்கோ."

"பிடிக்காட்டி?"

"பிடிக்காட்டி ஒண்டும் வேண்டாம். தேத்தண்ணி தந்தனீங்கள்தானே."

அக்கா சிரித்தார். எனக்கு ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. எனக்குத் தந்தது வெறும் தேநீர். அவனுக்குப் பால் தேநீர். தெருமுனைத் தேநீர்க்கடைக்காரர் வேறு என்னைச் சும்மா விடவில்லை.

"என்ன தம்பி, உம்மடை ஏணிக்கு இந்த வருஷம் லீவோ?"

"விலை சொல்லத் தெரியாதவன் எல்லாம் ஒரு தொழிலாளியோ?" என்றேன்.

"சொல்லத் தெரிஞ்ச நீர் இஞ்சை இருக்கிறீர். தெரியாதவன் அங்கை ஓட்டிலை நிக்கிறான்."

தெரு முழுவதும் அவனுக்கே போயிற்று. எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. கார்த்திகைப் பிறப்புக்கு முன்னே கல்லறைத் திருநாள் வரும். அன்றைக்கு அவன் நெடுந்தீவுக்குப் போய்த் தாயின் கல்லறைக்கு வெள்ளை அடித்து மெழுகுதிரி ஏற்றாமல் இருக்கமாட்டான். அதை அவனே கடையில் சொல்லியிருந்தான். அந்த நாட்களில் வாடைக்காற்று எழும்பினால் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் துறைக்கு வள்ளம் வராது. கடற்படைக்காரர் மறித்தாலும் வராது. முதல் மழை அப்போது விழுந்தால், இத்தனை வீட்டு வளைவுத்துண்டையும் திருப்ப ஆள் இல்லை. ஒன்றில் தொட்டி நாறும், இல்லாவிட்டால் தண்ணீர் மணலோடு போகும். ஒருத்தரும் ஒரு சதமும் கொடுக்கமாட்டார்கள். கப்பல் வீடு திரும்ப எனக்கு. நான் மழைக்காக வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

அவன் போன அடுத்த நாள் மத்தியானம் வடகிழக்கு வானம் கறுத்தது. கடல் வெள்ளையாக நுரைத்தது. நான் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழும்பினேன். முதல் துளி விழும்போது கப்பல் வீட்டுப் படலையடியில் நின்றேன். கூப்பிடுவார், விலையைச் சொல்லலாம், இந்தமுறை பாதி இல்லை, முழுசு.

உள்ளே பார்த்தால், அக்கா தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி, ஒரு காலைக் குழாய்த் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன அக்கா செய்யிறியள்?"

"நகத்தைப் பார்க்கிறன். பெருவிரல் நகம் தெளிவாத் தெரியேக்கை துண்டைத் திருப்பச் சொல்லிப்போட்டுத்தான் நெடுந்தீவுத் தம்பி போனவர். எல்லா வீட்டிலையும் சொல்லிக் குடுத்தவராம்."

அடுத்த மதிலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அங்கேயும் ஒரு பெண் காலை நீட்டிக்கொண்டு நின்றாள். அதற்கு அடுத்த வளவிலிருந்து "இன்னும் கலங்கலா இருக்கணை!" என்று ஒரு குரல். நான் தனி விலை வைத்து விற்ற ரகசியத்தை அவன் சும்மா கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அந்த நேரம் அவன் எதிரில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

"தெரியுது, தெரியுது!" என்று அக்கா குனிந்து வளைவுத்துண்டைப் பிடித்தார். தண்ணீரின் வேகத்தில் அது அசையவில்லை. "ஏன் மரம் மாதிரி நிக்கிறீர்? ஒருக்காப் பிடியுமன்!"

பிடித்தேன். வேறு என்ன செய்வது? இரண்டு பேரும் நனைந்துகொண்டு முன்குழாயைத் திருப்பினோம், பிறகு பின்பக்கம் ஓடி மற்றவற்றையும் திருப்பினோம். தொட்டிக்குள் தண்ணீர் விழுந்த சத்தத்தில் ஒரு தடங்கலும் இல்லை. அடைப்பு மிஞ்சிய குழாய் என்றால் விக்கி விக்கி விழும். இது ஒரே சீராக விழுந்தது.

மழை ஓய்ந்ததும் அக்கா ஒரு பேணி அள்ளித் தான் குடித்துவிட்டு, எனக்கும் ஒன்று தந்தார்.

"எப்பிடி?"

"பரவாயில்லை. கொஞ்சம் ஓட்டு மணம் அடிக்குது."

"அது உம்மடை மூக்கிலை அடிக்குது," என்றார். பிறகு தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார். "அது கிடக்கட்டும். அவர் வந்தாக் குடுக்கவேணும். மனசுக்குப் பட்டது எண்டால் எவ்வளவெண்டு எனக்கு விளங்கேல்லை. குறைச்சுக் குடுத்தாப் பழி, கூட்டிக் குடுத்தா ஏமாளி. நீர் தொழில்காரன். நீர் ஒரு விலை சொல்லும்."

நான் அந்தப் பேணியை வைத்துக்கொண்டு யோசித்தேன். குறைத்துச் சொன்னால் அடுத்த வருடம் என் விலையும் அதுவே. அதனால் போன வருடம் நான் கேட்டேனே, அக்கா பாதியாக்கிய விலை, அதை அப்படியே சொன்னேன். மழையன்று வருவதற்கான தனி விலையையும் சேர்த்தே சொன்னேன். அக்காவுக்கு நெஞ்சடைக்கும், அவன் வேலைக்குக் கொள்ளை விலை என்று தெருவெல்லாம் பேசும் என்று எதிர்பார்த்தேன்.

"இது நீர் போன வருஷம் கேட்டதுதானே?"

"ஓம்."

அக்கா தொட்டியை எட்டிப் பார்த்தார். தண்ணீர் அடி தெரியக் கிடந்தது.

"சரி. குடுக்கலாம். வேலை அப்பிடி."

காற்று அடங்கி வள்ளம் ஓடத் தொடங்கியதும் அவன் வந்தான். மற்ற வீடுகளும் கப்பல் வீட்டைப் பார்த்து அதே கணக்கில் கொடுத்தன. பஸ் நிலையத்தடியில் என்னைக் கண்டு ஓடி வந்தான்.

"அண்ணை, விலை நீங்கள் சொன்னதாம். நான் கனவிலையும் இவ்வளவு கேட்டிருக்கமாட்டன்." உண்மையாகவே சந்தோஷப்பட்டான். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. "வாற மாரிக்கு ரெண்டு பேருமாச் செய்வம். நீங்கள் விலையைச் சொல்லுங்கோ, நான் ஏறுறன்."

நல்ல யோசனை. இப்போதும் அதில் ஒரு பிழை சொல்ல எனக்குத் தெரியாது.

"ஏலாது," என்றேன்.

"ஏனண்ணை?"

யாழ்ப்பாணத்துக்குப் போகும் பஸ் புறப்பட நின்றது. ஏறி, கடைசி இருக்கையில் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேலணை தாண்டும்வரை தெருவோர வீடுகளின் குழாய்களைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். எத்தனை அவன் துப்பரவாக்கியவை என்று கண்டுபிடிக்க முடியவில்லை.