நர்ஸ் பிழைத்த சாயங்காலம்

அந்த வருஷம் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பொம்பளைகள் எல்லாரும் ஒரு நர்சுக்காக வெள்ளிக்கிழமை விரதம் இருந்தார்கள். அந்த நர்ஸ் இருந்தது டிவியில்.

ஆஸ்பத்திரி நாடகம் அது. நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கியதாம். சீசன் சீசனாக வரும். டாக்டர்கள் மாறுவார்கள், அந்தப் பெரிய நர்ஸ் மட்டும் மாற மாட்டாள். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை மரம் போட்ட பிறகும் எங்கள் தோட்டத்தில் மாறாமல் இருந்தது அவள் ஒருத்திதான் என்று அப்பா சொல்வார்.

அந்த சீசனில் நர்சுக்கு வயிற்றில் கட்டி வந்தது. அதே சமயம் அம்மாவுக்கும் வந்தது. முன்பே இருந்திருக்கும். தெரிந்தது அப்போதுதான்.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்தார்கள். அம்மா போகவில்லை. மறுபடி நாள் கொடுத்தார்கள். இனியும் தள்ளிப்போட்டால் காப்பாற்றுவது கஷ்டம் என்று டாக்டர் அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா கெஞ்சினார். கத்தினார். சாப்பிடாமல்கூடப் படுத்துப் பார்த்தார்.

“அவளுக்கு என்னா ஆவுதுன்னு பாத்துட்டுப் போறேன்,” என்றார் அம்மா. “அவ பொழச்சா நானும் போய்ப் படுக்கறேன். இல்லன்னா என்னைய வுட்டுடுங்க. வீட்டுலயே கெடக்கறேன்.”

“அது நடிக்குதுலா!”

“கட்டி நடிக்குமா?”



நர்சின் ஒப்பரேஷன் சீசனின் கடைசி நாளில் வந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் சேர வேண்டியது மறுநாள் காலையில்.

அன்று மத்தியானமே மாமா வந்துவிட்டார். அம்மாவின் தம்பி. ஈப்போவில் டயர் கடையில் வேலை. அங்கே சிடி கடைகளில் அந்த சீசன் முழுதும் திருட்டு சிடியாக முன்பே வந்திருந்தது. கூட்டாளி வீட்டில் முடிவு வரை பார்த்துவிட்டார். குளியலறைக்குப் பின்னால் நின்று அப்பாவிடம் சொன்னார். நான் துணி காயப்போட்டுக்கொண்டு நின்றேன். எல்லாம் காதில் விழுந்தது.

“அது செத்துருது மச்சான்.”

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். சொந்தக்காரர் செத்த மாதிரி.

“நெசமாவா?”

“மேசையிலயே போயிருது. அக்கா பாத்துச்சுன்னா நாளைக்கு வேன்ல ஏறாது.”

“இப்ப என்னா மாப்ள செய்யறது?”

“கூரை மேல இருக்கற டிவி ஏரியல நான் பாத்துக்கறேன். நீங்க வாயத் தொறக்காம இருங்க. அது போதும்.”

சாயங்காலம் அம்மா முகம் கழுவி, விளக்கேற்றி, டிவி முன்னால் உட்கார்ந்தார். நர்சைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிப் போனார்கள். அம்மா தன் வயிற்றில் கை வைத்துக்கொண்டார். கூரையில் தகரம் நெளியும் சத்தம் கேட்டது. டாக்டர் கத்தியைக் கையில் வாங்கினார். படம் ஒரு தடவை குதித்தது. அப்புறம் திரை முழுக்கப் புள்ளி, ஒரே இரைச்சல்.

அப்பா எழுந்து டிவியைத் தட்டினார்.

“காத்து போல,” என்றார். அவர் பொய் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நன்றாக வரவில்லை.

மாமா ஈப்போவுக்குக் குடிபோய் நாளாகிவிட்டது. லயத்து வீடு எப்படி இருக்கும் என்பதை மறந்துவிட்டார். வீட்டுக்கு வீடு இருக்கும் தடுப்புச் சுவர் கூரை வரை போகாது. மேலே திறந்துதான் கிடக்கும். ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். இரைச்சல் தாங்காமல் அப்பா டிவியை அடைத்ததும் பக்கத்து வீட்டு டிவி தெளிவாகக் கேட்டது. இதயத் துடிப்பு மெஷின் விட்டு விட்டு அடித்தது. பிறகு நீளமாக ஒரே சத்தம். அதற்கு மேல் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் குரல்.

“ஐயோ, போயிட்டியா தாயீ!”

நான் திரும்பினேன். அம்மா அதற்குள் அடுப்படிக்குப் போயிருந்தார். சோற்றுப் பானையைத் தரையில் போட்டு, அது டங்கு டங்கென்று இடிபடத் தேங்காய் நாரால் தேய்த்தார். காலையிலேயே தேய்த்த பானை. அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. நல்ல வேளை என்று நினைத்தேன். படம் போன கோபத்தைப் பானையிடம் காட்டுகிறார் என்று நினைத்தேன்.

மாமா உள்ளே வந்தார். கை முழுக்கத் துரு.

“கூட்டாளிக்குப் போன் போட்டுக் கேட்டேன்க்கா. பொழச்சிட்டாளாம்!”

அம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“கண்ணு முழிச்சிட்டாளா?”

“முழிச்சிட்டாளாம். தண்ணிகூடக் கேட்டுக் குடிச்சாளாம்.”

“ஒப்பரேஷன் முடிஞ்ச ஒடனே தண்ணி குடுக்க மாட்டாங்கடா.”

மாமா விழித்தார். “டிவிதானேக்கா. குடுத்துட்டாங்க.”

அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சரி,” என்றார் அம்மா. “வெள்ளனே வேனக் கொண்டாந்துடு. பசியாறாம வரச் சொல்லியிருக்காங்க.”

மறுநாள் காலை பெரியம்மா வழியனுப்ப வந்தார். கண் வீங்கியிருந்தது. அவர் வாயைத் திறக்கும் முன்பே அம்மா போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நேத்து எங்க வீட்டுல படம் வரலக்கா. கதைய சொல்லிப்புடாத. நான் வந்து பாத்துக்கறேன்.”

பெரியம்மா தலையை மட்டும் ஆட்டினார். அம்மாவுக்கு இந்த நேரத்திலும் நாடக ஆசை விடவில்லையே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

வேனை மாமா ஓட்டினார். அப்பா முன்னால் உட்கார்ந்தார். செம்பனைக் காட்டைத் தாண்டியதும் மாமா சிரிப்பை அடக்க முடியாமல் அப்பாவின் தொடையில் ஒரு தட்டு தட்டினார். அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா அவர்கள் சிரிப்பதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அம்மா பிழைத்தார். வயிற்றில் தழும்போடு இன்றும் இருக்கிறார். ஏரியலைத் திருப்பி அக்காவைக் காப்பாற்றிய கதையை மாமா கடைசி வரை கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா ஒரு தடவையும் குறுக்கே பேசியதில்லை.

அன்று வேனில் அம்மா என் கையைப் பிடித்திருந்தார். அவர் கை ஐஸ் மாதிரி இருந்தது. ஜன்னல் காற்று என்று நினைத்து, எழுந்து கண்ணாடியை மூடினேன். ரொம்ப தூரம் போயும் கை சூடாகவில்லை. சரியாக மூடவில்லையோ என்று மறுபடியும் எழுந்து அழுத்திப் பார்த்தேன்.