ஒரு முழம் டேப்

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சுவரை அடைத்துக்கொண்டிருக்கும் டிவியில் எதையோ தேடிப் பிடித்தவள், "அம்மா, வழி தெரியாம சுத்துற ராக்கெட்டுன்னு சொல்லுவியே, அது இதானே?" என்றாள். அதேதான். தகரத் தொப்பி போட்ட கேப்டன், உச்சந்தலையில் கொண்டை போட்ட அந்தப் பெண், தெர்மோகோல் பாறைகள், எல்லாம் கறுப்பு வெள்ளையில் அப்படியே இருந்தன. எல்லாப் பாகமும் வரிசையாகக் கிடைக்கிறதாம். எனக்குக் கை நின்றுவிட்டது. அவளுக்குப் பொறுமை கிடையாது. கதை மெதுவாக நகர்ந்ததும் ரிமோட்டில் இரண்டு தட்டுத் தட்டினாள். ஒரு தட்டுக்குப் பத்து செகண்ட் தாண்டுமாம். "ஏய், தாண்டாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் மாப்பிள்ளை உள்ளேயிருந்து ஓடி வந்துவிட்டார். "இருபது செகண்டுக்கு ஏம்மா இந்தக் கத்துக் கத்துற?" என்று மகள் சிரித்தாள். அந்தக் காலத்துக் கணக்கில் இருபது செகண்ட் என்பது ஒரு முழம். அதை அவளுக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல் மறுபடி அவரைக்காயை எடுத்துக்கொண்டேன்.

நான் பயந்த சுபாவம். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பவள். பேருந்தில் ஏறியபின் அடுப்பை அணைத்தோமா என்று நினைத்து அடுத்த நிறுத்தத்தில் இறங்கியிருக்கிறேன். இதெல்லாம் பிறவிக் குணம் என்று வீட்டில் சொல்வார்கள். பிறவிக் குணம் பாதி, மீதி அந்த ஒரு முழத்தால் வந்தது என்று எனக்கு மட்டும் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நாங்கள் மதுரை விளாங்குடியில் இருந்தோம். சவூதியிலிருந்து விடுமுறையில் வந்த அண்ணன் ஒரு வீடியோ டெக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். அம்மா அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டாள். டிவி மட்டும் பழைய கறுப்பு வெள்ளைதான். "வெளிநாட்டு டெக்குன்னாக, கலரு வரலையே?" என்று தெருவில் கேட்காத ஆள் இல்லை. அப்பாவுக்கு மானப் பிரச்சினை. டெக் கலர்தான், டிவிதான் கறுப்பு வெள்ளை என்று எல்லோருக்கும் ஒரு வருடம் விளக்கிக்கொண்டிருந்தார். யாரும் நம்பவில்லை.

வடக்கு வெளி வீதியில் ஒரு அலுவலகத்தில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. பக்கத்து மேஜை தனம். பேரையூர்க்காரி, மதுரையில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். கல்யாணமான ஆறாவது மாதமே அவள் கணவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலைக்குப் போய்விட்டார். அவருக்குக் கடிதம் எழுத வராது. எட்டு வரி எழுதுவார், அதில் நான்கு வரி விலாசம் என்று தனம் சொல்வாள். அதற்குப் பதிலாக அவர் கண்டுபிடித்த வழிதான் கேசட். அங்கே டிவியில் வருகிற இந்த ராக்கெட் தொடர் அவருக்கு உயிர். அவருடைய அறையில் தங்கியிருந்த ஒருவர் கல்யாண வீடியோ எடுப்பவர். இரண்டு மூன்று பாகங்களைப் பதிவு செய்து, கேசட்டின் கடைசியில் அந்த நண்பரின் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து நாலைந்து நிமிடம் பேசி, ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். ஹாஸ்டலில் ஏது டெக்? எங்கள் வீட்டு விலாசத்தை நான்தான் கொடுத்திருந்தேன்.

கேசட் வந்தால் ஞாயிற்றுக்கிழமை மதியம் தனம் வந்துவிடுவாள். எங்கள் இருவருக்கும் அந்த இங்கிலீஷ் பாதிகூடப் புரியாது. ஐந்து பேர் ராக்கெட்டில் போகிறார்கள், திரும்பும் வழி தொலைந்துவிட்டது, நட்சத்திரம் நட்சத்திரமாக அலைகிறார்கள், இவ்வளவுதான் கதை. மிச்சத்தை நாங்களே போட்டு நிரப்பிக்கொண்டோம். கேப்டனுக்குத் தகரத் தலையன் என்று பெயர் வைத்தோம். கொண்டைக்காரி ஒரு கருவியின் முன்னால் உட்கார்ந்து பூமிக்குச் செய்தி தட்டிக்கொண்டே இருப்பாள். "இவளும் நம்மளப்போல டைப்பிஸ்ட்டுதான்டி" என்பாள் தனம். ஏதாவது கிரகத்தில் இறங்கினால் வெடித்த தரையும் கல்லுமாக இருக்கும். "எங்க ஊரு கண்மாய கோடையில பாத்ததில்லையா நீ? இதுக்கு எதுக்குடி ராக்கெட்டு, திருமங்கலத்துல பஸ் ஏறுனா போதாதா?" என்று சிரிப்பாள். ஆனால் அந்த ராக்கெட் வீடு போய்ச் சேருமா சேராதா என்பது எங்களுக்கு நிஜமான கவலை. திங்கட்கிழமை டைப் அடிக்கும்போதுகூட அதைத்தான் பேசுவோம்.

தொடர் முடிந்து திரையில் புள்ளி புள்ளியாக வந்ததும் நாங்கள் எல்லோரும் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவோம். யாரும் சொல்லி வைத்த வழக்கமில்லை, தானாக வந்தது. அப்பாகூடச் செய்தித்தாளோடு வாசலுக்குப் போய்விடுவார். தனத்தின் கணவர் பேசும் சத்தம் மட்டும் லேசாகக் கேட்கும். முடிந்தபின் தனம் முகம் கழுவிக்கொண்டு வந்து காபி குடிப்பாள். ஒரு தடவை மட்டும், "சட்டை புதுசு போலருக்கு. என்ன கலருன்னுதான் தெரியல" என்றாள்.

மூன்றாவது கேசட்டுக்குப் பிறகு நான்கு மாதம் ஒன்றும் வரவில்லை. நாலாவது வந்தது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். தனம் அன்று காலையிலேயே பேரையூருக்குப் போயிருந்தாள். கொண்டுவந்தவர் வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் அதை டெக்கின் மேல் வைத்தேன். வைத்த இடம்தான் தப்பு.

மறுநாள் அம்மா வழக்கம்போலத் தையல் மெஷின், அப்பாவின் சைக்கிள், இஸ்திரிப் பெட்டி, அரிவாள்மணை என்று ஒன்றுவிடாமல் சந்தனம் குங்குமம் வைத்தாள். டிவிக்கும் டெக்குக்கும் வைத்தாள். டெக்கின் மேல் இருந்த கேசட்டை விடுவாளா? குழைத்த சந்தனத்தை நல்ல கட்டியாக, டேப்பை மூடியிருக்கும் அந்த முன்பக்கத்து மடலிலேயே வைத்து, நடுவில் குங்குமம் வைத்து, ஒரு பூவும் சாத்தினாள். அன்று எதையும் தொடக்கூடாது. அதற்கடுத்த நாள் விஜயதசமிக்கு எல்லாவற்றையும் எடுத்து ஒரு தடவையாவது உபயோகிக்க வேண்டும். அப்பா சைக்கிளில் தெருமுனை வரை போய் வந்தார். அம்மா தையல் மெஷினில் ஒரு கந்தல் துணியை ஓட்டினாள். "ஏண்டி, அந்த டெக்கையும் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டுரு" என்றாள் என்னிடம்.

வீட்டில் சாமி படக் கேசட் ஒன்று இருந்தது. நல்ல நாளில் அதைத்தான் போட்டிருக்க வேண்டும். நான் தனத்தின் கேசட்டை எடுத்தேன். ராக்கெட் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளும் ஆசை, வேறொன்றுமில்லை. பூவை எடுத்தேன், மேலாகத் துடைத்தேன், உள்ளே தள்ளினேன். கடைசி வரை ஓடிய நிலையிலேயே கேசட்டை அனுப்பியிருக்கிறார் மனுஷன். பின்னால் ஓட்டினேன். கொஞ்ச நேரத்தில் கரகரவென்று சத்தம் மாறியது. பயந்து நிறுத்தி, ஓடுகிறதா பார்ப்போம் என்று பிளேயை அழுத்தினேன். திரையில் ராக்கெட் வரவில்லை. அவர் முகம் வந்தது. நான் ஒருநாளும் பார்க்கக்கூடாத முகம். பதறிப்போய்க் கைக்கு வந்த பொத்தானையெல்லாம் அழுத்தினேன். டெக் கேசட்டை வெளியே தள்ளியது, டேப் மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டு சுருள் சுருளாகத் தொங்கியது. சந்தன வாசனை வந்தது. இன்றைக்கும் அந்த வாசனை எனக்கு ஆகாது. கல்யாண வீடுகளில் வாசலில் சந்தனக் கிண்ணத்தை நீட்டினால் ஒதுங்கிப் போய்விடுவேன், கர்வம் பிடித்தவள் என்று பேர்.

டவுன்ஹால் ரோட்டில் டெக் பழுது பார்ப்பவரிடம் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். மூடியைத் திறந்தவர், "என்னக்கா, டெக்குக்குச் சந்தனக் காப்பு சாத்தியிருக்கீக?" என்றார். சலவை நோட்டு ஒன்றை மடித்து, ஸ்பிரிட்டில் நனைத்து, டேப் உரசிப் போகும் ஹெட்டைத் துடைத்தார். கசங்கிய டேப்பை இழுத்து முழங்கையில் வைத்து அளந்தார், பூக்காரி மாதிரி. "ஒரு முழம் போச்சுக்கா. வெட்டி ஒட்டிர்றேன். ஒரு குதி குதிக்கும், அம்புட்டுதான், ஒண்ணும் தெரியாது." வெட்டிய துண்டைக் கூடையில் போடப் போனார். நான் கேட்டு வாங்கி, வீட்டில் ஒரு மிட்டாய் டப்பாவில் சுருட்டி வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தனம் வந்தாள். ராக்கெட் ஓடி முடிந்தது. நான் என்ன பார்த்தேன் என்று சத்தியமாகத் தெரியாது. நாங்கள் அடுக்களைக்குப் போனோம். ஐந்து நிமிடம் கழித்து, "ஏய், இங்க வாயேன்" என்றாள். முதல் தடவையாக என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினாள். மெலிந்த முகம். "பட்டறையில இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடுறியான்னு கேக்குறாங்க, தனம். நான் என்ன சொன்னேன்னா..." படம் ஒரு குதி குதித்தது. "...அத்தைக்குக் கால்வலி தேவலையா? வைத்தியம் பாக்கச் சொல்லு."

தனம் திரும்பவும் ஓட்டினாள். திரும்பவும் குதித்தது. "இது வரும்போதே இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

 "ஆமாடி, வந்தத அப்படியே வச்சிருந்தேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நாற்பது வருடமாக யோசிக்கிறேன். அவளுடைய கேசட்டை அவள் பார்ப்பதற்கு முன்பே போட்டது, அவர் முகத்தைப் பார்த்தது, அம்மா திட்டு வாங்குவாள் என்பது, எல்லாம் ஒன்றாக வந்து முன்னால் நின்றது. அடுத்த நாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அதையே நினைத்தேன். கடிதம் எழுதிக் கேட்டுக்கொள்வாள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அவள் கேட்கவில்லை. தீபாவளி நெருங்கிய ஒரு மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, "அங்கேயே இருக்கேன்னு சொல்லிட்டாக போலடி. அப்புறம் எனக்கு மூஞ்சி காட்ட மனசு வராம அவுகளே அழிச்சிருக்காக. இல்லாட்டி சரியா அந்த இடம் மட்டும் எப்படிப் போகும்?" என்றாள். சத்தமில்லாமல் சொன்னாள். "லெட்டர் போட்டுக் கேளேன்" என்றேன். "லெட்டரு போட்டாச்சு. மழை பெஞ்சத எழுதுனேன், ஆடு குட்டி போட்டத எழுதுனேன். சொல்லப் பிடிக்காதவுகட்ட நான் ஏன் கேக்கணும்?" என்று எழுந்து போய்விட்டாள். அன்று நான் அடித்த தாளெல்லாம் தப்பு.

தீபாவளிக்கு ஊருக்குப் போனவள் லீவை நீட்டித்தாள். ஒரு வாரம் பொறுத்தேன், முடியவில்லை. மிட்டாய் டப்பாவை எடுத்துக்கொண்டு பேரையூர் பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். தனம் வீட்டில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். ஒத்திகை எல்லாம் மறந்து அழுதுகொண்டே கொட்டிவிட்டேன்.

அவள் டப்பாவைத் திறந்து டேப்பை எடுத்தாள். வாசலுக்குப் போய் வெளிச்சத்துக்கு நேராக இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். "பிலிமாட்டம் இதுல உருவம் தெரியாதாடி?"

"தெரியாது."

"அப்ப அவுக அழிக்கல?"

"இல்ல."

அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். திட்டுவாள் என்று போன எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. அன்றைக்கே கடிதம் எழுதி, என் கையிலேயே தபாலில் போடக் கொடுத்தனுப்பினாள். டேப்பைச் சுருட்டி டப்பாவில் வைத்து, "இத நீயே வச்சுக்க" என்றாள்.

பதில் மார்கழியில் வந்தது. மதியம் சாப்பிடும்போது என் பக்கம் தள்ளி, "படி" என்றாள். எட்டு வரிக்காரர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். "பட்டறையில் நான் ஒன்றும் சொல்லவில்லை, தனத்தைக் கேட்டுத்தான் சொல்வேன் என்று அவர்களிடம் சொன்னேன், தீபாவளிக்குள் எழுது, வா என்று எழுதினால் வந்துவிடுகிறேன் என்றுதானே கேசட்டில் பேசினேன். உன் முந்தின கடிதம் வந்தது. மழையும் ஆடும் இருந்தது, வா என்ற சொல் இல்லை. நான் இங்கேயே இருப்பதுதான் உனக்குச் சம்மதம் போல என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்."

 தனம் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சோறு ஆறுது, சாப்பிடு" என்றாள். சண்டை போடவில்லை, பேச்சை நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை மட்டும் நிறுத்திவிட்டாள். இரண்டு வருடம் கழித்து அவர் வந்து அவளை அழைத்துக்கொண்டு போனார். ரயிலடியில் அவரை நேரில் பார்த்தேன், காதோரம் நரைத்திருந்தது. அவர் சிரித்து, "ராக்கெட் வீடு போய்ச் சேந்துச்சா இல்லையான்னு நீங்களாவது பாத்தீங்களா?" என்று கேட்டார். தனம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு இரண்டு வாழ்த்து அட்டைகள் வந்தன, அப்புறம் அதுவும் நின்றுபோனது.

டவுன்ஹால் ரோட்டில் அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது போனுக்கு உறை விற்கிறார்கள். எங்கள் டெக்கைப் பழைய இரும்புக்காரர் தூக்கிப்போய் எவ்வளவோ காலம் ஆயிற்று. இந்த மதுரையில் எந்தத் தெருவில் தேடினாலும் அந்த டேப்பை ஓட்ட ஒரு மெஷின் கிடைக்காது. மகள், "கடைசிப் பாகம் போடவாம்மா? வீடு சேந்துருவாங்களான்னு பாத்துருவோம்" என்றாள். வேண்டாம், தனம் இல்லாமல் பார்க்க மாட்டேன் என்றேன். தனம் யார் என்று அவள் கேட்கவில்லை.

மிட்டாய் டப்பா இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், கடிதத்தில் படித்துவிட்டேன். ஆனால் தன் பெண்டாட்டியைப் பார்த்து, "நீ வான்னு சொன்னா வந்துர்றேன்" என்று ஒரு மனிதர் சொன்னதை அவர் வாயால் இன்றுவரை யாரும் கேட்டதில்லை.