செத்த நேரம்

கொழும்பில் என்னைக் கொள்ளையடித்தவன் கத்தி வைத்திருந்தான் என்று நான் சொன்னது பொய். அந்தப் பொய்யை நம்பிக் கப்பலேறிய என் தங்கை கணவன் செல்லையா கெட்டழிந்து போனான். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கு என்னைத் தெரியாது. அது எனக்கு வசதியாக இருக்கிறது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். யுத்தத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேண்டுமென்று கேள்விப்பட்டுக் கிளம்பினேன். தனுஷ்கோடியில் கப்பலேறி, அக்கரையில் ரயில் பிடித்து, கோட்டை ஸ்டேஷனில் டிரங்குப் பெட்டியோடு இறங்கினேன். டிராம் வண்டி மணியடித்தால் ஒரு பக்கம் துள்ளினேன், மோட்டார் ஊதினால் மறுபக்கம் துள்ளினேன். ஊருக்குப் புதியவன் என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருந்திருக்கும்!

வாசலில் இளநீர் விற்ற சிங்களக்காரரிடம், "எம்புட்டு?" என்று கேட்டேன். அந்த ஒரு சொல்லே போதுமாயிருந்தது.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு? பேச்சக் கேட்டா நம்ம பக்கமால்ல இருக்கு!"

திரும்பினேன். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, வாய் நிறையச் சிரிப்பு. ஊரைச் சொன்னேன்.

"அட, நமக்குச் சோழபுரம்! இந்த வருசம் ஆண்டாள் தேரு ஒழுங்கா நெலைக்கு வந்துச்சா?"

நான் வேதக்காரன், கிறிஸ்தவன். அந்தத் தேரின் வடத்தை ஒருநாளும் தொட்டவனல்லன். ஆனாலும் அவன் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன்? இன்றுவரை எனக்கே புரியவில்லை.

"வேல கேட்டுப் போறவுக இந்தக் கோலத்துலயா போறது? அந்தா குழாய் இருக்கு, மூஞ்சியக் கழுவிட்டு வாங்க. செத்த நேரம் பொட்டிய நான் பாத்துக்கிடுதேன்."

செத்த நேரம்! கடல் தாண்டிய இடத்தில் அந்தச் சொல்லைக் கேட்டவனுக்குச் சந்தேகம் வருமா? இளநீர்க்காரர் மட்டும் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார். கையிலிருந்த கத்தியால் அவனைச் சுட்டியும் காட்டினார். இவனுக்கென்ன கேடு என்று நினைத்துக்கொண்டு நான் குழாயடிக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது பெட்டியும் இல்லை, ஆளும் இல்லை. நற்சான்றுப் பத்திரங்கள், மாற்றுத்துணி, எல்லாம் போயிற்று. அந்த இளநீர்க்காரர்தான் என்னைக் கையைப் பிடித்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பயனில்லை. வெறுங்கையோடு துணிக்கடைக்குப் போக வெட்கப்பட்டு, மடியிலிருந்த பணத்தில் ஊருக்கே திரும்பினேன்.

ராஜபாளையத்தில் தங்கை ஞானத்தின் வீட்டுக்குத்தான் முதலில் போனேன். செல்லையா அங்கே ஒரு பஞ்சரைக்கும் மில்லில் ஃபிட்டர்.

"பொட்டி எங்க மச்சான்?" என்றான்.

ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் வாத்தியார், பக்கத்து ஊர்க்காரனிடம் ஏமாந்தேன் என்று எப்படிச் சொல்வேன்? வாய் தானாகவே கதை கட்டியது. பாஷை தெரியாத முரடன் ஒருவன்... இருட்டுச் சந்து... கழுத்தில் கத்தி... இடுப்பு மடியை அறுத்துக்கொண்டு பெட்டியையும் பறித்தான்...

அந்தக் கத்தி யாருடையது தெரியுமா? இளநீர்க்காரருடையது. எனக்கு உதவிய ஒரே மனிதரின் கையிலிருந்ததை எடுத்து என் கதைத் திருடனிடம் கொடுத்தேன்!

பொய்க்கு நல்ல மரியாதை கிடைத்தது. கத்திக்குத் தப்பியவன் என்று பெயர். கடல் கடந்து போகிறவர்களெல்லாம் என்னிடம் யோசனை கேட்டுப் போனார்கள். சந்துக்குள் போகாதே, அண்ணாந்து கட்டடம் பார்க்காதே, கூட்டத்தில் பணத்தை வெளியே எடுக்காதே என்பேன். எல்லாம் நல்ல யோசனைகள்தான். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்ல மாட்டேன்.

செல்லையாவுக்குக் கொழும்பில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. ஆத்திர அவசரத்துக்கு ஆகுமென்று ஞானம் தன் சங்கிலியை அவன் இடுப்புத் துணியில் வைத்துத் தைத்தாள். பிறகு என் கதை நினைவுக்கு வந்து, தையலைப் பிரித்து, சங்கிலியை அவனுடைய ஸ்பானர் பெட்டியின் அடியில் வைத்தாள்.

"மடிய அறுக்கிற ஊராமே அண்ணே! பொட்டிதான் பத்திரம்" என்றாள். நான் பெட்டியைப் பூட்டிக் கொடுத்தேன்.

கிளம்பும்போது செல்லையா கேட்டான். "அப்ப யாரத்தான் மச்சான் நம்புறது?"

அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாமே! நம் பேச்சைப் பேசி வருகிறவனிடம்தான் எச்சரிக்கை வேண்டும் என்று ஒரு வார்த்தை... ஆனால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பானே!

"நம்ம பேச்சுப் பேசுறவன் கெடச்சா விட்டுறாதீங்க மாப்ளே" என்றேன்.

வேலையில் சேராமலே திரும்பி வந்தான். பெட்டி இல்லை. என்னைப்போல் கதை கட்ட அவனுக்குத் தெரியவில்லை. தெருவில் நின்று உள்ளது உள்ளபடி சொன்னான்.

"சோழபுரத்துக்காரன்னான் மச்சான். தேரு நெலைக்கு வந்துச்சான்னு கேட்டான். செத்த நேரம் பாத்துக்கிடுதேன்னான். நீங்க சொன்னபடிதான் நடந்தேன். என் நேரம்..."

என்மேல் அவனுக்குத் துளியும் வருத்தமில்லை.

ஊர் சிரித்தது. கத்திக்குத் தப்பிய வாத்தியார் எங்கே, கடல் தாண்டிப் போய் சோழபுரத்தானிடம் ஏமாந்த இவன் எங்கே என்றார்கள். மில்லில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்திருந்தான். பிள்ளைகள்கூடத் 'தேரு வந்துச்சா?' என்று கேலி செய்தார்கள். யுத்தம் வந்ததும் பட்டாளத்தில் சேர்ந்தான். பர்மா எல்லையில் இறந்தான் என்று தந்தி வந்தது.

ஞானம் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். நான் அவளைக் காப்பாற்றுகிறேனாம்! சபையில் எல்லோரும் என்னைப் புகழ்கிறார்கள்.

போன வாரம் தளவாய்புரத்திலிருந்து ஒருவர் வந்தார். சேலை மூட்டையோடு கொழும்புக்குப் போகிறாராம். என்னிடம் யோசனை கேட்க வந்தார். ஞானம் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் கேட்டுவிட்டு, யாரை நம்பலாம் என்றார் அவர். நான் தம்ளரை எடுத்தேன்.

ஞானமே பதில் சொன்னாள்.

"எங்க அண்ணன்கிட்டக் கத்தியக் காட்டுனானே, அவனக்கூட நான் மன்னிச்சிருவேன். அந்நியன், பாஷ தெரியாதவன். நம்ம பேச்சப் பேசி, கூடவே நின்னு, கெடுத்தான் பாருங்க... அவன மட்டும் மன்னிக்கவே மாட்டேன். இல்லண்ணே?"

"ஆமா" என்றேன், நம் பேச்சில்.