தொப்பை எழுத்தும் மில் முதலாளியும்

என்கிட்ட ஒரு கெட்ட குணம். யாராவது திட்டினா மறந்துடுவேன். நான் செஞ்ச வேலைக்கு இன்னொருத்தர் பேரைச் சொன்னா சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

குத்தாலத்துல எனக்கு ஒரு சின்ன டிசைன் கடை. கல்யாண பேனர், காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாம் போடுவோம். ஒருநாள் அரிசி மில் முதலாளி வந்தாரு. இருபத்தஞ்சு கிலோ சிப்பத்துக்குப் புதுப் பை அடிக்கணுமாம், எழுத்து வேற யார்கிட்டயும் இல்லாததா இருக்கணுமாம். ஒரு மாசம் உக்காந்து கையாலயே வரைஞ்சேன். பழைய சோடாக்கடை போர்டுல இருக்குமே, அந்த மாதிரி தொப்பை போட்ட எழுத்து. 'அ' இட்லியாட்டம் உப்பியிருக்கும். 'ழ' காலை மடக்கிக்கிட்டு ஆடும். பைக்கு வேண்டியது நாலஞ்சு எழுத்துதான், ஆசை யாரை விட்டுச்சு? மொத்த எழுத்தையும் வரைஞ்சு ஃபான்ட்டாவே ஆக்கிட்டேன்.

புதுப் பைல அரிசி பிச்சுக்கிட்டு வித்துச்சு. புது குடோன் திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டாங்க, நானும் நல்ல புடவையாக் கட்டிக்கிட்டுப் போனேன். முதலாளி மைக்கைப் பிடிச்சு, "இந்த எழுத்து சென்னைல ஒரு பெரிய கம்பெனி போட்டது. நம்ம ஊர்ல இதெல்லாம் யாருக்கு வரும்?"னாரு. மூணாவது வரிசைல இருந்த என்னைப் பார்த்துக்கிட்டேதான் சொன்னாரு! கூலி குடுத்துட்டாரு, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா வயிறு எரிஞ்சுச்சு. பந்தில உக்காராம வீட்டுக்கு வந்துட்டேன்.

மறுநாள்லேர்ந்து என் கடைக்கு யார் வந்தாலும் அதே எழுத்துதான். பிரியாணிக் கடை, மாட்டுத்தீவனக் கடை, பஞ்சர் கடை, எங்க சர்ச் அறுப்பின் பண்டிகை நோட்டீஸ். "ஜாலியா இருக்குக்கா"ன்னு கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. கடைசியா, மில் வாசலுக்கு நேர் எதிர்ல ஒரு கோழிக்கடைக்குப் போட்டுக் குடுத்தேன். அன்னிக்குத்தான் எனக்கு நல்லாப் பசிச்சுச்சு.

யானைக்கு ஒரு காலம்னா பூனைக்கு ஒரு காலம் வராமலா போகும்? மூணே மாசத்துல முதலாளி என் கடைக்கே வந்துட்டாரு. உள்ள அஞ்சாறு பேர் நின்னுக்கிட்டிருந்தாங்க.

"எங்க எழுத்தைக் கண்டவனும் திருடிட்டான்மா. கேஸ் போடப் போறேன். யார் வரைஞ்சதுன்னு வக்கீல் கேக்குறாரு. ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க."

"சென்னைக் கம்பெனியைக் கேளுங்களேன்."

அவர் முகம் செத்துப்போச்சு. "எந்தக் கம்பெனி? நீங்கதானேம்மா வரைஞ்சீங்க."

"இவங்களுக்குக் கேக்கலைங்க. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

திரும்பிப் பார்த்தாரு. எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. "மொத்த எழுத்தும் இந்தம்மா வரைஞ்சதுதான்"னாரு, தொண்டையைச் செருமிக்கிட்டு.

பேப்பரை எடுத்து, ஆமா, நான்தான் வரைஞ்சேன்னு எழுதினேன். அதுக்குக் கீழேயே, கோழிக்கடைலேர்ந்து பஞ்சர் கடை வரைக்கும் அத்தனை பேருக்கும் போட்டுக் குடுத்ததும் நான்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவர் படிச்சு முடிக்கிற வரைக்கும் அவர் முகத்தைப் பார்க்கணும்னு நான் உக்காரவே இல்லை.