சொல்லாமல் விட்ட தளம்

அலுவலகத்தில் அவளுக்கு டொக்டொக் அக்கா என்று பெயர். பழைய கட்டடங்களைச் சோதித்து, எங்கே இடிக்கலாம், எங்கே துளையிடலாம் என்று எழுதிக் கொடுக்கும் நிறுவனம் அது. எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பாள். பிறகு ஏணியில் ஏறி ஒரு சின்னச் சுத்தியலால் மேல்தளத்தைத் தட்டிக் காது கொடுப்பாள். பின்னாளில் கணவனாக வரப்போகிறவனை ஒரு நண்பர் வீட்டில் முதன்முதலாகச் சந்தித்தபோதுகூட, அவள் பார்த்தது அவன் தலைக்கு மேலிருந்த விரிசலைத்தான். திமிர் பிடித்தவள் போலிருக்கிறது என்று அவன் நினைத்தானாம்.

பதினான்கு வருட அனுபவம். மேலே குறுக்கும் நெடுக்கும் உத்தரங்கள் ஓடினால் சாதாரணத் தளம். உத்தரமே இல்லாமல் தூணின் தலை மட்டும் விரிந்திருந்தால் அது வேறு வகை. நாலடிக்கு ஒரு கோடு நேராகத் தெரிந்தால், தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து அடுக்கிய பலகைகள்; தட்டினால் காலி டப்பா மாதிரி சத்தம் வரும். அவள் பயந்தது ஒரே ஒரு வகைக்குத்தான். அதில் கான்கிரீட்டுக்குள் எஃகு வடங்களை ஓடவிட்டு, இறுகியதும் ஜாக்கி வைத்து இழுத்துப் பூட்டியிருப்பார்கள். ஒவ்வொரு வடமும் பல டன் விசையை அடக்கிக்கொண்டு உள்ளே கிடக்கும். துளைமெஷின் அதை அறுத்துவிட்டால், வடம் தளத்தைப் பிய்த்துக்கொண்டு துள்ளும். பூட்டிய விளிம்பிலிருந்தும் தெறிக்கும். கீழிருந்து பார்த்தால் வழவழவென்று அப்பாவியாகத்தான் இருக்கும்.

இவ்வளவு தெரிந்தும் அவளிடம் இருந்தது டிப்ளமோதான். கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்த சின்னவளோ பொறியியல் பட்டம் வாங்கியவள். அவளைத் தன் அலுவலகத்தில் சேர்த்துவிட்டதே பெரியவள்தான். ஒரே வருடத்தில், "வேலியில போன ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டேனே" என்று கணவனிடம் புலம்ப வேண்டியதாயிற்று.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைக் காட்டும் ஸ்கேனர் ஒன்று புதிதாக வந்தது. அது சின்னவள் கைக்குப் போனது. பட்டதாரிகள் மட்டுமே அறிக்கையில் கையெழுத்துப் போடலாம் என்று மேலாளர் விதி போட்டார். வீட்டிலோ மாமியார், "சின்னவ வந்தப்புறம்தான் உங்க ஆபீஸே ஓடுதாமே?" என்று வெள்ளந்தியாகக் கேட்டாள். பெரியவளுக்கு வயிறு எரிந்தது. சின்னவள் நல்லவளாக இருந்ததுதான் இன்னும் கொடுமை. திட்டுவதற்கு ஒரு சாக்குகூடத் தரமாட்டாள்.

அந்த வியாழக்கிழமை இருவரும் ஒரு பழைய அச்சகத்துக்குப் போனார்கள். அதை மருத்துவமனையாக மாற்றப்போகிறார்கள். இரண்டாம் மாடித் தளத்தில் குழாய்களுக்காக ஆறு துளைகள் வேண்டும். வரைபடம் தொலைந்துவிட்டது. சின்னவள் ஸ்கேனரைத் தேய்த்துப் பார்த்தாள். திரையில் கோடுகள் வந்தன. சாதாரணக் கம்பிதான் என்று குறித்துக்கொண்டாள். பெரியவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது அவள் கைபேசி அடித்தது. மாமியார். பின்பக்கப் படிக்கட்டுக்குப் போய் எடுத்தாள்.

"சின்னவ போன் எடுக்க மாட்டேங்கறா. சாப்பிட்டாளான்னு கேளு. காலையிலயே முகம் வாடிக் கிடந்துச்சு."

"சரி அத்தை."

"மறந்துடாத."

பெரியவளும் அன்று சாப்பிட்டிருக்கவில்லை. கைபேசியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது எதிரே கட்டடத்தின் பின்சுவர் தெரிந்தது. பூச்சு உதிர்ந்த இடத்தில், இரண்டாம் மாடித் தளத்தின் விளிம்பு நெடுக, உள்ளங்கை அகலத்தில் வட்ட வட்டமாகச் சிமெண்டு வைத்து அடைத்திருந்தார்கள். ஒரே இடைவெளி, ஒரே வரிசை. வடங்களைப் பூட்டிய இடங்கள்.

உள்ளே போனாள். "அத்தை சாப்பிட்டியான்னு கேட்டாங்க" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சின்னவளின் கையெழுத்தோடு அறிக்கை போயிற்று: சாதாரணத் தளம், துளையிடலாம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பெரியவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கையெழுத்துப் போட்டவள்தானே பார்த்திருக்க வேண்டும்? துளைமெஷின்காரர் பழுத்த அனுபவசாலி, எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் மேலாளர் முன்னால் சின்னவள் திருதிருவென்று விழிக்கட்டும். அதை நினைக்கும்போது இனிப்பாக இருந்தது. சோறு மட்டும் இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை சின்னவளின் நாற்காலி காலியாக இருந்தது.

"சின்னவ எங்க?"

"துளை போடற இடத்துக்குப் போயிருக்காங்க" என்றார் மேலாளர். "முதல் துளைய நேர்ல பாக்கணுமாம்."

துளைமெஷின்காரரை அழைத்தாள். எடுக்கவில்லை. சின்னவளை அழைத்தாள். மெஷின் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? கிடைத்த வண்டியில் ஏறி ஓடினாள். இரண்டு மாடியையும் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. தண்ணீர் சொட்ட மெஷின் சுழன்றுகொண்டிருந்தது. அதன்மேல் குனிந்தபடி துளைமெஷின்காரர். எதிரே, வடம் ஓடும் அதே நேர்க்கோட்டில், விளிம்போரமாகச் சின்னவள். பெரியவள் வயரைப் பிடுங்கி எறிந்தாள்.

"அக்கா! என்ன ஆச்சு?"

"உள்ள வடம் இருக்கு. பின்னாடி வந்து பாரு."

சின்னவள் போய்ப் பார்த்தாள். வட்டங்களை எண்ணினாள். துளையின் ஆழத்தை அளந்தாள். இன்னும் ஓர் அங்குலம் போயிருந்தால் வடம்தான். உதடு வெளுத்துப்போயிற்று.

"நல்லவேளைக்கா… இத இப்பத்தான் பாத்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"இல்ல. வியாழக்கிழமையே பாத்தேன்."

துளைமெஷின்காரர் கையுறையை மெதுவாகக் கழற்றினார். "எனக்கு ரெண்டு பொண்ணுங்கம்மா" என்றார்.

மேலாளரிடம் அவளே போய்ச் சொன்னாள். ஆறு மாதம் வெளி வேலை கிடையாது, கோப்புகளை அடுக்கு என்றார். அடுக்கினாள். சின்னவள் இதை வீட்டில் மூச்சுக்கூட விடவில்லை. அந்தப் பெருந்தன்மை மீதும் பெரியவளுக்குப் பொறாமை வந்தது. ஒரு நாள் பொறுக்கமுடியாமல் சாப்பாட்டு மேசையிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கணவன் தட்டைப் பார்த்தான். மாமியார், "உனக்கு நான் என்னடி குறை வச்சேன்?" என்றாள்.

"நான் சாப்பிட்டேனான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா அத்தை?"

மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஏழாம் மாதம் பெரியவளை மறுபடி வெளியே அனுப்பினார்கள். இனி எந்த அறிக்கையிலும் டொக்டொக் அக்காவின் கையெழுத்தும் இருக்க வேண்டும் என்று மேலாளரிடம் சண்டை போட்டவள் சின்னவள். முதல் நாள் ஒரே வண்டியில் போனார்கள். பாதி வழியில் பெரியவள் சொன்னாள்: "உன் மேல எனக்கு இன்னும் பொறாமைதான்."

"தெரியும்க்கா. எனக்கும் உங்க மேல கோபம் போகல." சின்னவள் ஸ்கேனர் பெட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "ஆனா பாத்தா சொல்லிடுங்க."

"சொல்றேன்."