துலுக்கானம் படித்த ஜாடி

பூந்தமல்லி டிஸ்பென்சரியில் புட்டி கழுவுகிற துலுக்கானத்துக்கு மருந்து ஜாடிகளைப் படிக்கத் தெரியும் என்பது அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் கற்ற இங்கிலீஷ் எழுத்து கைவசம் இருந்தது. ஜாடி மேல் முழுப்பெயரா எழுதியிருக்கும்? எல்லாம் பாதிப் பெயர்தான். வயிற்றுப் பொருமலுக்குத் திறப்பது 'சோட். பைகார்ப்.', அதாவது சோடா உப்பு. குளிர்காய்ச்சலுக்கு 'குயின். சல்ஃப்.', நம் கொய்னா. பசியெடுக்காதவர்களுக்கு 'இன்ஃப். ஜென்ட்.', வெறும் கசப்பு வேர் ஊறின தண்ணீர். எந்த நோய்க்கு எந்த ஜாடி என்று பத்து வருஷமாகப் பார்த்துப் பார்த்தே அத்தனையும் மனப்பாடம்.

கொய்னா விளைகிற ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்த வருஷம், மழை விட்டதும் அவன் தெருவில் பாதிப் பேர் குளிர்காய்ச்சலில் விழுந்தார்கள். அவன் மனைவி பொன்னியம்மாவும்தான். கம்பவுண்டர் கோதண்டம் கொடுத்த மூன்றாவது புட்டியும் காலி, நடுக்கம் நிற்கவில்லை. "கசப்புதாண்டி கொணமாக்கும், முழுங்கு" என்று அவள் மூக்கைப் பிடித்து ஊற்றியவன் இவன்தான். இந்த வாரம் அவளால் எழுந்து உட்காரவே முடியவில்லை.

நாலாவது புட்டிக்குக் காலையிலேயே போய், மருந்து ஊற்றும்போதே பக்கத்தில் நின்றான். டாக்டரின் சீட்டில் 'குயின். சல்ஃப்.' என்றுதான் இருந்தது. கோதண்டம் சாய்த்ததோ 'இன்ஃப். ஜென்ட்.' ஜாடியை.

பத்து வருஷம் கூடவே நின்றவனுக்கா இப்படி?

"இன்னா அண்ணாத்தே, அது பசி மருந்தாச்சே?"

"கொய்னாதாண்டா. உனுக்கு இன்னா தெரியும்?"

"எழுதிக்கீதே. படிச்சேன்."

கோதண்டத்தின் கை அப்படியே நின்றது. வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கொய்னா வர்றதே கொஞ்சம். அதுவும் பெரிய ஊட்டுக்காரங்களுக்கே போயிடுது. உங்க தெருவுல கசப்பா இருந்தா போதும், யாரும் கேக்க மாட்டாங்க." அலமாரியைத் திறந்து ஒரு பொட்டலம் எடுத்தார். "இது நெஜம். உன் பொண்டாட்டிக்கு மட்டும். தெருவுல வாயத் தொறந்தே, இதுவும் கெடையாது."

காறித் துப்பலாம் போல இருந்தது. பொட்டலத்தை வாங்கி மடியில் முடிந்துகொண்டான்.

பத்தே நாளில் பொன்னியம்மா எழுந்து அடுப்பு மூட்டினாள். அன்றைக்கே எதிர்வீட்டு நாகம்மாள் புட்டியோடு வந்து நின்றாள். அவள் புருஷன் படுத்துப் பதினைந்து நாள் ஆகிறது.

"நீ அங்கியே வேல செய்றவன், பார்த்துச் சொல்லுப்பா. இது பொன்னி குடிச்ச மருந்துதானே?"

துலுக்கானம் புட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தான்.

"அதேதான்க்கா. மூக்கைப் புடிச்சு ஊத்து" என்றான்.