வீட்டுக்கு வந்த டேமேஜ்

எங்கள் வீட்டில் பீர்க்கங்காய் வாங்கினால் இரண்டு வேளைக்கு வரும். காய் கூட்டுக்கு, தோல் துவையலுக்கு. அதனால் தோல் முற்றாமல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் எடுப்பேன். மந்தைவெளி மார்க்கெட்டில் காய் விற்கும் அம்மாவுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"இன்னாம்மா, காய் வாங்க வந்தியா, தோலு வாங்க வந்தியா? உன் வூட்ல மாட்டுக்குப் போடக்கூட ஒண்ணும் மீறாது போல கீதே!"

"எங்க வீட்டுல நாங்கதாம்மா மாடு. நிறுத்துப் போடு" என்பேன்.

சிக்கனம் என்று தெரிந்தவர்கள் பாராட்டுவார்கள். பாராட்ட ஒன்றும் இல்லை. நான் தரமணியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வீட்டுக்காரர் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். மகள் பத்தாம் வகுப்பு. வாடகை வீட்டில் ஒரு படுக்கையறை, ஒரு ஹால், இரண்டு பேர் நுழைந்தால் மூன்றாவது ஆள் வாசலில் நிற்க வேண்டிய சமையலறை. புளித்த மாவு பணியாரமாகும், கொத்தமல்லித் தண்டு ரசத்துக்குப் போகும். பொங்கலுக்கு மறுநாள், மிஞ்சிய சாம்பார், அவியல், பொரியல் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுச் சுண்ட வைத்தால் சுண்டக்கறி. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பழக்கம். என் மகள் பொங்கலுக்குக் காத்திருப்பதில்லை, அந்தச் சுண்டக்கறிக்குத்தான் காத்திருப்பாள்.

அலங்காரமும் அப்படித்தான். கடையில் துணிக்கட்டு தீரும்போது கடைசியாக மிஞ்சும் துண்டுக்குப் பெயர் பிட்டு. நெசவிலோ சாயத்திலோ பிசகு இருந்தால் அந்தப் புடவை டேமேஜ். இரண்டும் கடையில் வேலை செய்பவர்களுக்கு மலிவாகக் கிடைக்கும். எங்கள் தலையணை உறை, ஜன்னல் திரை, மிக்சிக்குப் போட்ட சட்டை எல்லாமே இந்த இரண்டு சாதிதான். துணியோடு சேர்ந்து அந்த வார்த்தைகளும் வீட்டுக்குள் வந்துவிட்டன. கல்லில் பிய்ந்த தோசை டேமேஜ், உடைந்த அப்பளம் டேமேஜ். மகள் பரீட்சை எழுதிவிட்டு வந்து, "கணக்கு கொஞ்சம் டேமேஜும்மா" என்பாள். வெளியாள் காதில் இது எப்படி விழும் என்று நாங்கள் யாரும் யோசித்ததே கிடையாது.

சென்ற ஆண்டு என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை, எங்களோடு இருக்க வந்தாள். தாம்பரம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் புருஷன் கைநீட்டுகிறவன். மாமியாரோ, "எல்லா வீட்டுலயும் நடக்குறதுதானே" என்று சொல்கிற மகராசி. கடைசித் தடவை கண்ணாடி வளையல் உடைந்து அவள் மணிக்கட்டில் ஏறியிருந்தது. அன்றைக்கே அண்ணன்காரர் போய், அவளையும் சீராகக் கொடுத்த ட்ரங்குப் பெட்டியையும் ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். ஹாலில் வாசற்கதவை ஒட்டி வைத்தவள் அதை அங்கேயே வைத்திருந்தாள். காலையில் திறந்து ஒரு சேலை எடுப்பாள், பூட்டுவாள். துவைத்துக் காய்ந்ததை மடித்து உள்ளே வைப்பாள், மறுபடி பூட்டுவாள். ரயிலுக்குக் காத்திருப்பவள் மாதிரி அதன் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுப்பாள். "பீரோவுல ஒரு தட்டு காலி பண்ணியிருக்கேன், வைட்டி" என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும் மதினி" என்பாள். சாப்பிடக் கூப்பிட்டால், "நீங்கள்லாம் சாப்பிடுங்க, மிச்சம் இருந்தாப் போதும்" என்பாள். பீர்க்கந்தோலைக்கூட விடாத வீட்டில் மிச்சத்துக்கு எங்கே போக? தட்டை அவள் முன்னால் நங்கென்று வைத்துவிட்டுப் போவேன். எனக்குப் பாசம் வந்தால் பாத்திரம்தான் சத்தம் போடும்.

அவளுக்கு என்று ஓர் இடம் இல்லாததுதான் கோளாறு என்று எனக்குப் பட்டது. படுக்கையறை மகளின் புத்தகங்களுக்கே பத்தவில்லை. ஹாலில் ஜன்னலோரம் ஒரு கட்டில் அளவு இடம் கிடந்தது. மேலிருந்து தரைவரை ஒரு திரை தொங்கவிட்டால் அது ஓர் அறை. முடிந்த பிறகு காட்டலாம் என்று அவளிடம் மூச்சு விடவில்லை. வீட்டுக்காரரிடம் மட்டும், "முழுச் சேலையா ஏதாவது ஒதுங்கினா பாருங்க" என்று சொல்லிவைத்தேன்.

ஒரு வாரம் கழித்து, சனிக்கிழமை சாயங்காலம் கடையிலிருந்து போன் வந்தது. நான் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கையெல்லாம் மாவு. முழங்கையால் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"ஏய், டேமேஜ் ஒண்ணு வந்திருக்கு. திருப்பி எடுத்துக்கிடுங்கன்னா அனுப்பின இடத்துல மாட்டேங்காங்க. நம்மளே வச்சுக்கிடுவமா?"

"வச்சுக்கிடாம? ரொம்பப் பழுதா?"

"பழுது நடுவுல இருக்கு. வெளிய கொண்டுபோக முடியாது."

"சரி, வெளிய தெரியாம எப்படியாவது ஒப்பேத்திக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டு நான் மாவில் எண்ணெய் ஊற்றினேன்.

பால்கனியில் நாத்தனார் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கும். அது எனக்குத் தெரியும், ஆனால் உறைக்கவில்லை. உறைக்கும்படி நாங்கள் என்ன ரகசியமா பேசினோம்?

அன்று அவள் சாப்பிடவில்லை. தலைவலி என்றாள். வீட்டுக்காரர் வரும்போது படுத்துவிட்டிருந்தாள். அவர் கொண்டுவந்த பொட்டலத்தைப் பீரோமேல் ஒளித்து வைத்தேன்.

மறுநாள் ஞாயிறு. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது புதன்கிழமைதான் வரும். ஜவுளிக்கடைக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை ஏது லீவு? அவர் கிளம்பிப் போனார், மகள் டியூஷனுக்குப் போனாள். நான் காபியோடு உட்கார்ந்தபோது, அவள் எதிரில் வந்து நின்றுகொண்டு சொன்னாள்.

"மதினி, அத்தைக்குப் போன் பண்ணிட்டேன். புதன்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டாங்க."

"எந்த அத்தை?"

"என் மாமியார்தான்."

எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. "உனக்கு மூளை கீளை கழண்டு போச்சா? மணிக்கட்டுல காயம்கூட இன்னும் ஆறலியே!" என்று கத்தினேன். அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை பாடுபட்டுத் திட்டம் போட்டது மண்ணாகப் போகிறதே என்ற ஆத்திரத்தில் பீரோமேல் இருந்த பொட்டலத்தை எடுத்து அவள் முன்னால் விசிறினேன். "போ. நல்லாப் போ. உனக்கு ரூம் கட்டலாம்னு உங்க அண்ணன்கிட்டச் சொல்லி இந்த டேமேஜைக் கொண்டாரச் சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

பொட்டலம் பிரிந்து சேலை தரையில் வழிந்தது. கத்திரிப்பூ நிறத்தில் கட்டம் போட்ட பருத்திச் சேலை. நட்டநடுவில் ஒரு கை அகலத்துக்குச் சாயம் ஏறாமல் வெளுத்துக் கிடந்தது.

அவள் அதையே பார்த்தாள். பிறகு குனிந்து அந்த வெளுத்த இடத்தைத் தொட்டாள்.

"இதுவா மதினி டேமேஜ்?"

"பின்னே எது?"

"நேத்து போன்ல அண்ணன் சொன்னது... திருப்பி எடுக்க மாட்டேங்காங்கன்னு... நம்மளே வச்சுக்கிடுவமான்னு..."

எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. அப்புறம் முந்தைய நாள் பேசின ஒவ்வொரு வார்த்தையும் வரிசையாகத் திரும்பிவந்து நின்றது. அனுப்பின இடம். பழுது. வெளியே தெரியாமல் ஒப்பேத்துவது. அட கடவுளே!

"ஏ மூதி! உன்னைப் போய் அப்படிச் சொல்ல உங்க அண்ணனுக்கு நாக்கு எழும்புமா? எழும்பினாத்தான் நான் விட்டுருவனா?" என்று சேலையைச் சுருட்டி அவள் முதுகிலேயே ரெண்டு போட்டேன். அவள் சிரித்தாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் பார்த்த முதல் சிரிப்பு. உடனே அதுவே அழுகையாகிவிட்டது. நானும் அழுதேன். காபி ஆடை கட்டிப்போனது.

"சரி, அந்தம்மாவுக்குப் போன் போட்டு வரவேண்டாம்னு சொல்லு" என்றேன்.

அவள் போனை எடுக்கவில்லை. "நீங்க நல்லவங்க மதினி. ஆனா எத்தனை நாளைக்கு?"

அந்தக் கேள்விக்குச் சேலை விரித்துக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. "எத்தனை நாளைக்குன்னு நான் உன்னைக் கேட்டனா?" என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது.

அவள் சேலையை விரித்து இரண்டாக மடித்தாள். "இந்த வெளுத்த இடத்துலயே வெட்டிரலாம். துண்டுக்குப் பாதியா ரெண்டு முனையிலயும் போயிரும். கம்பி நுழைக்க மடிச்சுத் தைக்கோம்ல, அந்த மடிப்புக்குள்ள போனாத் தெரியாது" என்றாள். நான் நடுவில் பட்டி வைத்து ஒட்டுப்போட நினைத்திருந்தேன். அவள் சொன்னதுதான் சரி. என் தையல் மெஷினில் அவளே தைத்தாள். ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச்சுவர் பரண் கொக்கிவரை ஒரு கம்பி இழுத்துக் கட்டித் திரையைத் தொங்கவிட்டோம். சாயங்கால வெயில் அதன்மேல் பட்டபோது ஹாலே கத்திரிப்பூ நிறமானது. ஆனால் பெட்டி மட்டும் வாசற்கதவை விட்டு நகரவில்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் நான் புதன்கிழமையைப் பற்றிக் கேட்கவில்லை, அவளும் பேசவில்லை. கேட்டால் போகிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம். அலுவலகத்தில் கூட்டின எண்ணையே திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பறக்கும் ரயிலைப் பிடித்து வீட்டுக்கு ஓடிவந்தேன். உள்ளே நுழைந்ததும் என் கண் கதவோரம் போனது. பெட்டி இல்லை.

முன்கூட்டியே கீழே கொண்டுபோய் வைத்துவிட்டாள், ஆட்டோ வந்தால் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தேன். கேட்க வாயெடுக்குமுன் வாசலில் மணி அடித்தது. அவள் மாமியாரும், மாமியாரின் தம்பியும். புருஷன்காரன் வரவில்லை. வர மூஞ்சி வேண்டுமே.

வீட்டுக்காரர் "வாங்க" என்றார். ஹாலில் எங்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளோடு, திரைக்கு முன்னால் புதிதாக ஓர் இருக்கை இருந்தது. பிட்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த உறை, தரைவரை தொங்கும் கொசுவம். காலையில் நான் கிளம்பும்போது அது கிடையாது. பரணில் கிடந்த பலகையும் பழைய மெத்தையும் இறங்கியிருக்கின்றன என்று மட்டும் புரிந்தது. இருக்கிறதிலேயே நல்ல இடம் அதுதான் என்று அந்தம்மா நேராகப் போய் அதன்மேல் சாவகாசமாக உட்கார்ந்தாள். நான் பணியாரமும் துவையலும் வைத்தேன். விருந்தாளி என்று வந்துவிட்டால் எதிரிக்கும் தட்டு வைத்துத்தானே ஆக வேண்டும்.

"துவையல் நல்லாருக்கே, என்ன காய்?" என்றாள்.

"காய் இல்ல, தோலு" என்றேன். அவள் சற்று நிதானித்துவிட்டு மறுபடியும் தொட்டுக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் ஹாலைச் சுற்றி ஒரு பார்வை. "இந்தத் தீப்பெட்டிக்குள்ள உங்க மூணு பேருக்கே மூச்சு முட்டும். இவ வேற பாரமா எதுக்கு? என்ன இருந்தாலும் வாழ்ந்த வீடுதான் வீடு. அவனும் இனிமே கை வைக்க மாட்டேன்னு சொல்லிட்டான்" என்றாள். எனக்கு நாக்கு துறுதுறுவென்றது. வீட்டுக்காரர் கண்ணால் அடக்கினார். முடிவு அவள் வாயிலிருந்து வரட்டும் என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

அந்தம்மா அவள் பக்கம் திரும்பினாள். "என்ன நிக்கிறே? பெட்டியை எடு, கிளம்பலாம்."

என் நாத்தனார் அசையவில்லை. புடவைத் தலைப்பைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"அது மேலதான் நீங்க உக்காந்திருக்கீங்க, அத்தை."

அந்தம்மா உறையின் கொசுவத்தைத் தூக்கிப் பார்த்தாள். பலகைக்குக் கீழே ட்ரங்குப் பெட்டியின் இரும்பு மூலை தெரிந்தது.

"உள்ளே இருக்குறது மதினியோட பிட்டுத் துணி. என் சேலையெல்லாம் பீரோவுல அவங்க சேலையோட இருக்கு" என்றாள். கையை நீட்டித் திரையை ஓரமாக ஒதுக்கினாள். உள்ளே மடித்த பாய், ஒரு தலையணை, ஆணியில் மாட்டிய கண்ணாடி. "இது என் ரூம். நான் வரலை."

அந்தம்மா எழுந்தாள். அவள் தம்பி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் வாசற்கதவை அகலமாகத் திறந்து வைத்து, "பார்த்துப் போங்க, படியில வெளிச்சம் பத்தாது" என்றார்.

அவர்கள் இறங்கிப் போகும் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அவள் கசங்கிப்போன உறையை நான்கு பக்கமும் இழுத்துச் சரிசெய்தாள். பிறகு அதன்மேல் உட்கார்ந்து, "மதினி, பசிக்கு. எனக்கு ஒரு தட்டு போடுங்க" என்றாள்.